பரந்தன் கராச்சில் ஒரு கிறவுண் பினியன்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் பொட்டலம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். மணிக்கு அறுபத்தைந்து கிலோமீற்றர் வேகம் இருக்கும். முன்னால் மாடுகள் குறுக்கே வந்ததால் அக்சிலறேற்றரில் இருந்து காலை எடுத்தேன். பின் சீற்றுக்குக் கீழே யாரோ சங்கை மெல்ல ஊதியதுபோல ஒரு நீண்ட ஊளை. காலை அழுத்தினால் நின்றது, எடுத்தால் மறுபடி வந்தது.

பக்கத்தில் இருந்த மச்சான் ரயர் சத்தம் என்றார். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. அடுத்த நாள் முன் ரயர் இரண்டையும் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓடிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது. ரயர் இரைச்சல் காலை அழுத்தினாலும் எடுத்தாலும் ஒரேமாதிரித்தான் இருக்கும். காலோடு சேர்ந்து மாறுகிற சத்தம் பற்சக்கரத்தின் பல்லுச் சத்தம். பின் அக்சிலின் பற்சக்கரங்களை மாற்றி அப்போது மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரொயோட்டா கே.ஈ. 70 கொரொல்லா. என்னிடம் வரும்போதே அதில் பழைய 4கே எஞ்சின் இல்லை. முன்பு வைத்திருந்தவர் 1587 சீசீ 4ஏ-ஜீஈ எஞ்சினையும் ரி-50 கியர் பெட்டியையும் போட்டு, பின்னுக்கு ரொயோட்டாவின் ரி-வகை அக்சிலையும் மாற்றியிருந்தார். எஞ்சின் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றியிருந்தார். இப்படி மாற்றிய கார் வாங்குபவர்கள் அதை முதலில் பார்க்க வேண்டும். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேலேதான் கண் விழிக்கும். அதற்குக் கீழே சாதாரண கார்தான். ஏ9 வீதியில் நெல் லொறி ஒன்றை முந்த வேண்டுமென்றால், அது விழிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

வாகனப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வரி. எஞ்சினின் சுழற்சி நீளமான தண்டு வழியாகப் பின் அக்சிலுக்குப் போகிறது. அங்கே பினியன் என்ற சின்னப் பற்சக்கரம், கிறவுண் என்ற பெரிய வட்டப் பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. பெரியதன் பல்லைச் சின்னதன் பல்லால் வகுத்தால் வருவதுதான் அக்சில் விகிதம். என் காரில் 43 பல்லும் 11 பல்லும், அதாவது 3.909. இந்த எண் கூடினால் சில்லுக்குப் போகும் இழுவை கூடும், ஒரே வேகத்தில் எஞ்சின் சுற்றும் கூடும். சேற்று வயலில் உழவு இயந்திரத்தைச் சின்னக் கியரில் விட்டால் ஊர்ந்தாலும் விடாமல் இழுக்கிறதே, அதே சங்கதிதான்.

அக்சிலைத் திறக்காமலே விகிதம் பார்க்கலாம். பின் சில்லு இரண்டையும் தூக்கி நிறுத்தி, முன் சில்லுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சில்லை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் நீளத்தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் உங்கள் எண். தண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டால் எண்ணுவது சுகம்.

2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தேன். கார் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நின்றது. ஓடாத கார் கண்முன்னே நின்றால் மனம் அதைக் கழற்றத் தொடங்கிவிடும். புதிய வாகன இறக்குமதியும் 2020 மார்ச்சில் இருந்தே நின்றுபோயிருந்ததால், கையில் இருப்பதைத்தான் திருத்தித் திருத்தி வைத்திருக்க வேண்டும் என்ற நிலைமை. அப்போதுதான் அக்சில் விகிதத்தைக் கூட்டுவதென்று முடிவெடுத்தேன்.

முதல் ஆசை 4.778. 43 பல்லுக்கு 9 பல்லு. விசாரித்ததில் அது கிடைக்கவில்லை. 43க்கு 10, அதாவது 4.3 கிடைத்தது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்று, யப்பானில் இருந்து வந்த அக்சிலில் கழற்றியது என்று தந்தது. பல்லைத் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 43ம் 10ம் சரியாக வந்தது. வாங்கிக்கொண்டு வந்து, நெருக்கமான ஒரு கராச்சில் ஒரே நாளில் பூட்டுவித்தேன். காலையில் விட்ட காரை மாலையில் எடுத்துவந்தேன். ஒரே நாளில் முடிந்ததில் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான்.

ஊளை வந்த பிறகு போனது பரந்தனில் ஒரு சின்னக் கராச்சுக்கு. அதை நடத்தும் அண்ணைக்கு வயது எழுபதை நெருங்கும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பெற்றோல் தங்கம்போல இருந்தபோது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் காரும் ஓடவைத்த கைகள். உழவு இயந்திரத்து அக்சில் எத்தனையைத் திறந்து மூடியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. அவர் காரை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. “கழட்டுவம்” என்றார்.

இந்த வகை அக்சிலில் ஒரு வசதி. ஒயிலை வடித்து, பின் பிறேக் டிறம் இரண்டையும் எடுத்து, அதன் பின்னாலுள்ள நட்டுகளைக் கழற்றிப் பக்கத் தண்டுகளை வெளியே இழுத்துவிட்டால், நீளத்தண்டையும் கழற்றிவிட்டு நடுப்பகுதியை முழுசாக முன்பக்கமாக எடுத்துவிடலாம். மேசையில் வைத்து நிம்மதியாக வேலை செய்யலாம். அண்ணை அதை மேசையில் வைத்து, துணியால் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிறவுணின் விளிம்பைப் பார்த்தார். பிறகு பினியனின் தலையைப் பார்த்தார். இரண்டிலும் மின்பேனாவால் கீறியதுபோல மெல்லிய எண்கள் இருந்தன. இரண்டும் வேறு வேறு எண்.

“தம்பி, இது ரெண்டும் ஒண்டுக்கொண்டு செய்ததில்லை. ஆரோ பிடிச்சுக் கட்டி வைச்சிருக்கினம்.”

கிறவுணையும் பினியனையும் தொழிற்சாலையிலேயே சோடியாக உரசிப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள். அதனால்தான் இரண்டிலும் ஒரே சோடி எண். பல்லின் எண்ணிக்கை பொருந்துகிறது என்பதற்காக இன்னொரு சோடியின் பினியனைச் சேர்த்தால் பல்லு முகத்தோடு முகம் உட்காராது. எனக்கு விற்றவருக்கு அது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதுதான் இங்கே முக்கியம். பழைய சோடி வாங்கப் போகிறவர்கள் ஒரு கைவிளக்கும் கண்ணாடியும் கொண்டுபோய் இந்த எண்ணைப் பாருங்கள். எண் இல்லாவிட்டாலோ, பொருந்தாவிட்டாலோ எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

பூட்டியதிலும் பிழை இருந்தது. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வாசர் ஒன்று உண்டு, பழைய பினியனில் இருந்த அதையே புதியதற்கும் போட்டிருந்தார்கள். பினியன் நட்டை இறுக்கும்போது ஒருமுறை மட்டும் நசுங்கிக்கொடுக்கும் புசையும் பழையதுதான். மூன்று கிழமைக்குள் பல்லின் ஓரத்தில் மணல் தூவியதுபோலப் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்திருந்தது. அந்தச் சோடி முடிந்தது.

“சரி அண்ணை, இந்த முறை புதுசா 4.778 எடுப்பம்” என்றேன்.

அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. “உன்ர கார் கிழமையில எங்க ஓடுது?” என்று கேட்டார். கிளிநொச்சியில் இருந்து பரந்தனால் திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவில் வேலை. பரந்தன் சந்தியில் இருந்து மட்டும் ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். மாதத்தில் ஒருமுறை ஏ9 வழியாக வவுனியா. அவ்வளவுதான். “அப்ப அதைக் கணக்குப் போடு. போட்டுட்டு வா.”

அன்று இரவு முற்றத்தில் கணக்குப் போட்டேன். ரயரின் சுற்றளவைப் புத்தகத்தில் பார்ப்பதைவிட நிலத்தில் அளப்பது நல்லது, ஏனென்றால் காரின் பாரத்தில் ரயர் கொஞ்சம் அமர்ந்திருக்கும். ரயரிலும் சீமெந்திலும் ஒரு கோடு போட்டு, காரை ஒரு முழுச் சுற்றுத் தள்ளி, மறுபடி கோடு போட்டு அளந்தேன். என் 175/70 பதின்மூன்று அங்குல ரயருக்கு 1.75 மீற்றர் வந்தது. மணிக்கு 70 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 1167 மீற்றர். அதை 1.75 ஆல் வகுத்தால் சில்லு 667 சுற்று. அதை அக்சில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் எஞ்சின் சுற்று. என் ஐந்தாவது கியர் 0.86.

நகருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70தான், ஆகவே நான் வாழ்வது அந்த வேகத்தில்தான். 3.909இல் ஐந்தாவது கியரில் ஏறக்குறைய 2240 சுற்று. 4.3இல் 2465. 4.778இல் 2740. நூறு கிலோமீற்றரில் என்றால் 3200, 3520, 3910. காகிதத்தில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் அந்தச் சத்தத்துக்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும். முந்தும் கணக்கையும் போட்டேன். அறுபதில் மூன்றாவது கியரில் எஞ்சின் முன்பு 3090 சுற்றில் நிற்கும், 4.3இல் 3400, 4.778இல் 3780. இரண்டாவதுக்கு இறக்கினால் 4.3 போதும், ஏறக்குறைய 4970 சுற்று. எஞ்சின் முழுசாக விழித்திருக்கும் இடம். 3.909இல் இருந்து 4.3க்குப் போனால் சில்லுக்கு 10 வீதம் கூடுதல் இழுவை. 4.778க்குப் போனால் 22 வீதம்.

நுவரெலியாவில் மககஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்துக்கே ஒரு காரைக் கட்டுபவர் 4.778 எடுக்கலாம். வன்னியில் மலை இல்லை. நேரான வீதி, குளக்கட்டு, மறுபடி நேரான வீதி. எனக்கு 4.3 சரி என்று என் கையெழுத்தே சொன்னது. அண்ணை காகிதத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த முறை புதுச் சோடி. மெல்பேணில் இருக்கும் சித்தப்பாவின் மகன் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவந்து தந்தான். அங்கே இந்தப் பழைய கொரொல்லாவுக்கு இன்னும் சாமான் கிடைக்கிறது. அனுப்பச் சொல்வதற்கு முன் நான் அளந்து அனுப்பியவை: கிறவுணின் விட்டம், போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, பினியன் தண்டின் தடிப்பு, பினியன் நுனியில் உள்ள கீற்றுகளின் எண்ணிக்கை. கொரொல்லாவுக்கு வந்த அக்சில்களில் சின்னதும் உண்டு, பெரியதும் உண்டு. காரின் பெயரைச் சொல்லி ஓடர் பண்ணினால் மற்றது வந்து சேரும். பெயரிங் முழுவதும், ஒயில் சீல், புதிய நசுங்கும் புசை, புதிய பினியன் நட்டு எல்லாம் சேர்த்தே எடுத்தேன். பெயரிங்கில் மிச்சம் பிடித்தால் பிறகு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டிவரும்.

பூட்டுவதற்கு மூன்று நாள் எடுத்தது. ஒவ்வொரு நாளும் நான் பக்கத்தில் நின்றேன்.

கிறவுண் அதன் இருப்பில் இறுக்கமாக உட்காரும். சுத்தியலால் அடித்து ஏற்றுபவர்களும் உண்டு, அது கோணலாக ஏறும். அண்ணை வீட்டுக்குள் குரல் கொடுக்க, பொங்கலுக்கு எடுக்கும் கிடாரம் வந்தது. மூன்று கல்லு, பாலை விறகு, கிடாரம் நிறையத் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் கிறவுணைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். பத்து நிமிடம் கழித்துத் தூக்கியபோது அதில் இருந்த ஈரம் கண்முன்னே ஆவியாகக் காய்ந்தது. கையுறையோடு எடுத்து, ஓட்டைகள் நேராக வரும்படி பார்த்து மேலே வைத்தார். அடிக்கவே தேவையில்லை, சொத்தென்று இறங்கியது. ஆறியபின் போல்ட்டுகளை எதிர் எதிராக, டோர்க் ரெஞ்சால் மூன்று சுற்றில் இறுக்கினார். வேறு வழியில் சூடாக்க வேண்டாம் என்றார். காஸ் சுவாலை பட்டால் பல்லின் கடினம் போய்விடும். கொதிநீர் நூறு பாகைக்கு மேலே போகாது, அதனால் பயமில்லை.

அடுத்தது பினியனின் ஆழம். வேலையின் உயிர் இதுதான். பினியன் தலைக்கும் பெயரிங்குக்கும் இடையில் ஒரு வாசர் இருக்கும். அது தடித்தால் பினியன் கிறவுணின் நடுவை நோக்கி உள்ளே போகும், மெலிந்தால் வெளியே வரும். இந்த வாசர்கள் ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று பங்கு வித்தியாசத்தில் வருகின்றன. சரியான தடிப்பு எதுவென்று பூட்டிப் பார்த்துத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் இறுக்கமான பெயரிங்கை இழுத்துக் கழற்றினால் பெயரிங் கெட்டுவிடும். அதற்கு அண்ணையிடம் ஒரு வழி இருந்தது. பழைய பெயரிங் ஒன்றின் உட்துளையைத் தேய்த்துக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்திருந்தார். கையாலேயே போட்டு எடுக்கலாம். ஒத்திகை முழுவதும் அதில், கடைசியில் மட்டும் புதிய பெயரிங். ஒத்திகையின்போது நசுங்கும் புசையையும் போடவில்லை.

பல்லு எங்கே தொடுகிறது என்று பார்க்கப் பெயர்ப்பலகை எழுதுபவர் பாவிக்கும் மஞ்சள் எண்ணெய் வர்ணம். கொஞ்சம் கிறீஸ் குழைத்து, பல்லுத்துலக்கும் பிறஷ் ஒன்றால் கிறவுணின் மூன்று நான்கு பல்லில் இரண்டு பக்கமும் மெல்லப் பூசினார். கிறவுணை ஒரு கையால் தடுத்துப் பிடித்தபடி பினியனை முன்னும் பின்னும் சுற்றினார். பினியன் பல்லு பட்ட இடத்தில் வர்ணம் ஒதுங்கி, இரும்பின் சாம்பல் நிறம் நீள்முட்டை வடிவில் தெரிந்தது. முதல் முறை அது பல்லின் உச்சியில், கிறவுணின் வெளிவிளிம்புப் பக்கமாக நின்றது. அப்படியென்றால் பினியன் வெளியே நிற்கிறது, வாசர் தடிக்க வேண்டும். இரண்டாம் முறை அடிவாரத்துக்கும் உள்விளிம்புக்கும் போய்விட்டது, தடிப்புக் கூடிவிட்டது. மூன்றாம் முறை பல்லின் நடுவில், உச்சிக்கும் அடிக்கும் சமதூரத்தில் வந்து உட்கார்ந்தது. அண்ணை என்னைக் கூப்பிட்டு, விளக்கைச் சரித்துக் காட்டினார். “இதுதான் சாட்சி” என்றார். தள்ளும் பக்கம், எஞ்சினைப் பிடிக்கும் பக்கம் இரண்டையும் பார்க்க வேண்டும். என் பழைய ஊளை காலை எடுத்தபோது வந்தது, ஆகவே அது இரண்டாவது பக்கத்தின் பிழை.

அதோடு பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான தளர்வும் பார்க்க வேண்டும். டயல் கேஜின் ஊசியைக் கிறவுண் பல்லில் வைத்து, பினியனை அசையாமல் பிடித்து, கிறவுணை ஆட்டினால் ஊசி காட்டும். 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். கிறவுணின் இரண்டு பக்கமும் இருந்து அதை நகர்த்தும் திருகு வளையங்களில் ஒன்றை எத்தனை பல்லுத் தளர்த்துகிறீர்களோ மற்றதை அத்தனை பல்லு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கப் பெயரிங்கின் இறுக்கம் மாறிவிடும். எங்களுக்கு 0.15 வந்தது. வட்டத்தின் நான்கு இடத்தில் அளந்தோம். டயல் கேஜ் இல்லாத கராச்சில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கையால் ஆட்டிப் பார்த்துச் “சரி” சொல்வது இந்த அளவுக்குச் சரிவராது.

கடைசியாக நசுங்கும் புசை. பினியன் நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பெயரிங்குக்கு வேண்டிய இறுக்கத்தைத் தரும். ஒருமுறை நசுங்கியது மறுபடி நிமிராது. அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட ஏலாது, புதிய புசைதான் போட வேண்டும். அதனால் நாங்கள் இரண்டு வாங்கி வைத்திருந்தோம். இறுக்கத்தை அளக்கும் சின்ன ரெஞ்ச் அண்ணையிடம் இல்லை. பினியனின் விளிம்புத் தட்டில் நைலோன் நூலைச் சுற்றி, மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசை மாட்டி இழுத்தார். கையேடு அந்த இறுக்கத்தைக் கிலோ-சென்ரிமீற்றரில் சொல்கிறது. அதைத் தட்டின் அரைவிட்டத்தால் வகுத்தால் தராசு காட்ட வேண்டிய எடை. நூல் இழுபடத் தொடங்கும் நொடியில் வரும் எண்ணைப் பார்க்கக் கூடாது, சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வருவதைத்தான் பார்க்க வேண்டும். புதிய பெயரிங்குக்கும் பழைய பெயரிங்குக்கும் கையேட்டில் வேறு வேறு அளவு. கொஞ்சம் இறுக்கு, சுற்று, நிறு. மறுபடி கொஞ்சம். இதிலேயே ஒரு மத்தியானம் போனது. பிறகு நட்டின் விளிம்பை உளியால் தண்டின் பள்ளத்துக்குள் தட்டிப் பதித்தார்.

ஒயில் 80W-90, ஜீஎல்-5 என்று தகரத்தில் போட்டிருக்க வேண்டும். இந்தப் பல்லு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி சுற்றுவது, சாதாரண கியர் ஒயில் தாங்காது. என் அக்சிலுக்கு 1.3 லீற்றர்தான் போகும்.

பழக்குவதைப் பலர் தவறவிடுகிறார்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி, நிறுத்தி, அக்சில் கைக்குக் குளிரும்வரை விட்டேன். வன்னி வெயிலில் அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலே எடுத்தது. பிறகு மறுபடி பதினைந்து நிமிடம். அப்படி மூன்று நான்கு முறை. முதல் 800 கிலோமீற்றர்வரை திடீரென அழுத்தாமல், பாரம் ஏற்றாமல் ஓடி, ஒயிலை வடித்தேன். வடிகட்டும் போல்ட்டில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தது. அது வழமை. விரலில் உரசும்போது துண்டு துண்டாக இரும்பு அகப்பட்டால்தான் யோசிக்க வேண்டும்.

ஓட்டம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: விசுவமடுச் சந்தியில் நின்று எடுக்கும்போதே தெரிகிறது, கார் முன்னைவிட இலேசாகிவிட்டது போல. பெற்றோல் எனக்கு லீற்றருக்கு 11 ஓடியது இப்போது பத்தரைக்குக் கிட்ட. வேகமானி கியர் பெட்டியில் இருந்து ஓடுவதால் பத்து வீதம் கூட்டிக் காட்டுகிறது. அது 77 காட்டினால் உண்மையில் 70. கியர் பெட்டியில் உள்ள வேகமானிப் பல்லுச்சில்லை மாற்றினால் சரிவரும், நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிலோமீற்றர்க் கணக்கும் அதேபோலக் கூடித்தான் ஏறும். ஒயில் மாற்றும் கணக்கில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம்மூருக்கென்றே ஒன்று இருக்கிறது. அக்சிலின் மேலே மூச்சுவிட ஒரு சின்ன மூடி இருக்கும். செம்மண் புழுதியில் அது அடைபட்டால் உள்ளே சூட்டில் பெருகும் காற்றுக்குப் போக வழியில்லாமல் ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு கசியும். மாரியில் வேறு தொல்லை. வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் மேவிப் பாயும் நாட்களில் சூடான அக்சிலோடு இறங்கினால், அது சட்டென்று குளிர்ந்து அந்த மூடி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒயில் பால்த்தேநீர் நிறத்துக்கு வந்தால் அதுதான் காரணம். அண்ணை அந்த மூடியை எடுத்துவிட்டு, ஒரு முழ நீளப் பெற்றோல் ஹோஸைப் பொருத்தி, பின் டிக்கிக்குள் உயரத்தில் கட்டிவிட்டார். போன கார்த்திகையில் பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீருக்குள் இரண்டு நாள் போய்வந்தேன். மூன்றாம் நாள் போல்ட்டைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். ஒயில் தேன் நிறத்தில்தான் இருந்தது.